தலை வலிக்கும்போது அடுத்தவர் முகம் ஏன் புரியாமல் போகிறது?

அம்மாவுக்குத் தலைவலி வந்துவிட்டால் வீட்டில் நாங்கள் குதிகாலை ஊன்றாமல் நடப்போம். ஜன்னல்கள் சாத்தப்பட்டிருக்கும். புடவைத் தலைப்பைக் கயிறாக முறுக்கி நெற்றியைச் சுற்றி இறுகக் கட்டி, சுக்குப் பற்றும் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். ஒருமுறை பள்ளியில் வாங்கிய பரிசைக் காட்டலாம் என்று ஓடிப்போய் நின்றேன். "அங்கே வை" என்றார், திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்கு ஒரே பொருள்தான்: அம்மாவுக்கு என்மேல் கோபம். மறுநாள் நான் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறேன் என்பது அம்மாவுக்கும் விளங்கவில்லை.

அவர் என்னைப் புரிந்துகொள்ளவில்லை, நான் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. நாள்பட்ட ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், இருக்கும் வீடுகளில் இது தினமும் நடக்கிறது. வெளியே இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். மைக்ரேன் உள்ளவர்கள் முன்கோபிகள், அடுத்தவர் மனம் அறியாதவர்கள் என்பது ஒன்று. அவர்கள் அளவுக்கு மீறி இளகிய மனம் படைத்தவர்கள், ஊரார் கவலையையெல்லாம் தலையில் ஏற்றிக்கொள்வதால்தான் வலி வருகிறது என்பது இன்னொன்று. ஒன்றுக்கொன்று நேரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன: ஒரு நோயை அந்த மனிதரின் குணமாக ஆக்கிவிடுகின்றன. மூளையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை மருத்துவம் படிக்காதவர்களும் புரிந்துகொள்ளும்படி சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

முதலில், இது எந்தத் தலைவலி?

'ஒற்றைத் தலைவலி' என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். தலையின் ஒரு பக்கம் மட்டும் வலித்தால்தான் அது மைக்ரேன் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு பக்கமும் வலிக்கலாம்; இன்று இடப்பக்கம், அடுத்த முறை வலப்பக்கம் என்று மாறவும் செய்யலாம். இதை அடையாளம் காட்டுவது வேறு சில குறிகள். வலி விண்விண்ணென்று தெறிக்கும். மாடிப்படி ஏறினால் கூடும். குமட்டும், சிலருக்கு வாந்தி வரும். வெளிச்சமும் சத்தமும் தாங்காது. மருந்து எடுக்காமல் விட்டால் ஒரு தாக்குதல் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

வலி என்பது இந்த நோயின் நடுப்பகுதி மட்டுமே. மழைக்கு முன்னால் காற்று திரும்புகிறது, புழுங்குகிறது, எறும்புகள் வரிசையாகக் கிளம்புகின்றன. மழை விட்ட பிறகும் தெருவில் தண்ணீர் நிற்கிறது. மைக்ரேனும் அப்படித்தான். வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே, கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், எதிலும் மனம் பதியாமை போன்றவை தலைகாட்டும். இதை முன்கட்டம் என்று சொல்லலாம். வலி அடங்கிய பிறகும் ஒரு நாளோ இரண்டு நாளோ தலை பஞ்சடைத்ததுபோல் இருக்கும். சொன்னது மனத்தில் ஏறாது. இது பின்கட்டம்.

'நாள்பட்டது' என்பதற்கு மருத்துவத்தில் கறாரான கணக்கு உண்டு. பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட நாள்கள் தலைவலி இருக்க வேண்டும். அவற்றில் குறைந்தது 8 நாள்களாவது மைக்ரேனுக்குரிய குறிகளோடு இருக்க வேண்டும். இந்த 15 நாளோடு முன்கட்டத்தையும் பின்கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். தலை முழுக்கத் தெளிவாக இருக்கும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எப்போதாவது தலைவலி வருபவர் வலியில்லாத நாள்களில் உறவுகளைச் சரிசெய்துகொள்கிறார். நாள்பட்ட நோயாளிக்கு அந்த இடைவெளியே கிடைப்பதில்லை. அடுத்து வருவதையெல்லாம் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

குறிப்பறிதல் என்னும் வேலை

வீட்டுக்கு வந்த விருந்தாளி, "காபியெல்லாம் எதற்கு? இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்" என்கிறார். இது வாய் சொல்லும் மறுப்பா, வயிறு சொல்லும் மறுப்பா? குரல், முகம், வந்த நேரம், அவர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார் என்பதையெல்லாம் ஒரு நொடியில் கூட்டிப் பார்த்து முடிவுசெய்கிறோம். நம் மொழியில் இதற்குக் குறிப்பறிதல் என்று அழகான பழைய சொல் இருக்கிறது. உளவியலாளர்கள் 'மனக் கோட்பாடு' என்கிறார்கள்: அடுத்தவருக்கும் ஒரு மனம் உண்டு, அதில் இருப்பது என் மனத்தில் இருப்பதிலிருந்து வேறுபடலாம் என்று உணர்ந்து, அதை ஊகிக்கும் திறன். எனக்குப் பழைய சொல்லே பிடித்திருக்கிறது.

இந்தத் திறனை எப்படிச் சோதிப்பது? 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வில் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்சி என்ற சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை எடுத்து வேறோர் அலமாரியில் வைத்துவிடுகிறார். திரும்பி வரும் மாக்சி சாக்லேட்டை எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது மாக்சிக்கும் தெரியும் என்ற நினைப்பு. நான்கு, ஐந்து வயதில்தான் 'அவனுக்கு அது தெரியாதே' என்பது பிடிபடுகிறது.

பெரியவர்களுக்கு இதைவிட நுணுக்கமான சோதனைகள் இருக்கின்றன. ஒன்றில் 36 படங்கள். ஒவ்வொன்றிலும் கண் பகுதி மட்டும் தெரியும். கூடவே நான்கு சொற்கள். அந்தக் கண்களுக்குப் பொருந்தும் உணர்ச்சி எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்றில் சிறு கதைகள்: புதுவீட்டுக்குக் குடிவந்த பெண்ணிடம், "இந்தத் திரைச்சீலை சகிக்கவில்லை, மாற்றிவிடுவாய்தானே?" என்கிறாள் தோழி. அதை வாங்கி மாட்டியதே அந்தப் பெண்தான். இங்கே யார் எதைச் சொல்லியிருக்கக் கூடாது, ஏன், கேட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டும்.

இந்தக் கதையிலேயே குறிப்பறிதலின் இரண்டு பகுதிகள் தெரிகின்றன. திரைச்சீலையை வாங்கியவள் யார் என்பது தோழிக்குத் தெரியாது என்று கண்டுகொள்வது எண்ணம் அறிதல். அந்தப் பெண்ணின் மனம் சுருங்கியிருக்கும் என்று கண்டுகொள்வது உணர்ச்சி அறிதல். இந்த இரண்டோடும் போட்டுக் குழப்பக் கூடாத மூன்றாவது ஒன்று உண்டு. அது அக்கறை: அவள் மனம் நோகக் கூடாதே என்ற தவிப்பு. ஒருவருக்கு அக்கறை நிறைய இருந்தும் குறிப்பறிய முடியாமல் போகலாம். குறிப்பறிவதில் கெட்டிக்காரராக இருந்தும் அக்கறை துளியும் இல்லாதவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மைக்ரேன் பற்றிய பேச்சில் பெரும்பாலும் நடக்கும் பிழை, முதல் இரண்டில் ஏற்படும் தடுமாற்றத்தை மூன்றாவதன் குறை என்று எடுத்துக்கொள்வதுதான்.

ஒரே ஒரு கவுண்டர்

சிறிய ஊரின் வங்கிக் கிளை ஒன்றில் ஒரே கவுண்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். வரிசை ஒழுங்காக நகர்கிறது. நடுவில் ஒருவர் புகுந்து கவுண்டரைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். போகச் சொன்னாலும் போகமாட்டார். காசாளர் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் மெதுவாக. தொகையில் தவறு விழுகிறது. இரண்டாம் முறை கேட்டால் சிடுசிடுக்கிறார். அவருக்கு வாடிக்கையாளர்கள்மேல் வெறுப்பா? இல்லை. அவருடைய கவனத்தின் ஒரு பெரும் பங்கை அந்த ஒருவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

வலி அப்படிப்பட்ட ஆள். வலியின் வேலையே கவனத்தைப் பறிப்பது. நெருப்பில் விரல் பட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு விரலைப் பார் என்று சொல்வதற்காகத்தான் அது உடலில் இருக்கிறது. மைக்ரேனில் நெருப்பு இல்லை, காயம் இல்லை. தட்டல் மட்டும் நிற்பதில்லை.

குறிப்பறிதலுக்குக் கவனம் ஏன் இவ்வளவு தேவை என்பதை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒருவர் சொன்ன கைபேசி எண்ணை எழுதிக்கொள்ளும் வரை மனத்தில் வைத்திருக்கிறோம் அல்லவா, அந்தச் சின்ன இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். மாக்சியின் கதைக்கு விடை சொல்ல வேண்டுமானால் செயல்நினைவில் இரண்டை ஒன்றாக வைத்திருக்க வேண்டும்: எனக்குத் தெரிந்தது ஒன்று, மாக்சிக்குத் தெரிந்தது ஒன்று. அதோடு, முந்திக்கொண்டு வரும் என் விடையை அடக்கவும் வேண்டும். மனத்தில் வைத்திருப்பது, அடக்குவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகிய திறன்களைச் சேர்த்து நிர்வாகத் திறன்கள் என்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை இவற்றில் பெரும் பங்கு வகிக்கிறது. வலியும், வலியால் கெட்ட தூக்கமும் முதலில் சோர்வடையச் செய்வது இந்தத் திறன்களைத்தான்.

விருந்தாளியின் காபிக்குத் திரும்புவோம். தலைவலியோடு உட்கார்ந்திருப்பவர் "வேண்டாம்" என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறார். சொல்லின் நேர்ப்பொருள் உடனே கிடைத்துவிடுகிறது. அதற்குப் பின்னால் உள்ளதை எடுக்கத்தான் கூடுதல் உழைப்பு தேவை. விருந்தாளி வெறும் வயிற்றோடு எழுந்து போகிறார். தலை கனத்துக் கிடந்தவருக்குத் தலைக்கனம் என்று பெயர் வந்துவிடுகிறது.

சுருக்கமாக: குறிப்பறிதல் தானாக நடப்பதுபோல் தோன்றினாலும் அது உழைப்பு. அந்த உழைப்புக்கு வேண்டிய கவனத்தை வலி பிடுங்கிக்கொள்கிறது. அக்கறை இருக்கும் இடம் வேறு.

பழகிப்போகாத மூளை

விசைத்தறிகள் ஓடும் தெருவில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தறிச் சத்தம் காதிலேயே விழவில்லை என்பார்கள். ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதற்குக் காட்டும் எதிர்வினையைக் குறைத்துக்கொண்டே போகிறது. இதைப் பழகிப்போதல் என்போம். மைக்ரேன் உள்ளவர்களின் மூளையில் இது சரியாக நடப்பதில்லை. சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்த ஆய்வுகள் பல உள்ளன. மற்றவர்களுக்கு அலை சிறுத்துக்கொண்டே போகிறது. மைக்ரேன் உள்ளவர்கள் பலருக்கு, வலி இல்லாத நேரத்திலும்கூட, சிறுப்பதில்லை. எல்லா ஆய்வுகளிலும் இது ஒரே அளவில் தெரிவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதாவது மற்றவர்களுக்குப் பின்னணியில் மறைந்துவிடும் மின்விசிறியும் குழல்விளக்கும் இவர்களுக்கு மறைவதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டிமேளம், வீடியோ விளக்கு, ஓமப் புகை, மல்லிகை, சென்ட், பந்திக் கூச்சல். இதற்கு நடுவே ஒன்றுவிட்ட சித்தி, "என்ன, எங்களையெல்லாம் ஞாபகம் இருக்கிறதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். அது கேலியா, மனத்தாங்கலா? இரைச்சலிலிருந்து ஒரு முகத்தைப் பிரித்தெடுத்துப் பார்ப்பதே பெரும்பாடாக இருக்கும்போது, அந்தச் சிரிப்பின் ஓரத்தில் இருக்கும் வருத்தத்தை எப்படிக் காண்பது?

வலிக்கான பாதையும் இதேபோல் கூர்மையடைந்துவிடுகிறது. முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பின் நுனிகள் மூளையைச் சுற்றியுள்ள உறைகளில் இருக்கின்றன. தாக்குதலின்போது அங்கே சிஜிஆர்பி என்ற புரதத் துணுக்கு வெளிப்பட்டு வலியைத் தூண்டுகிறது. மறுபடி மறுபடி இது நடக்கும்போது தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள நரம்பணுக்கள் சிறு தூண்டலையும் பெரிய வலியாகக் கருதத் தொடங்கிவிடுகின்றன. அப்போது தலை சீவினாலும் வலிக்கும், மூக்குக்கண்ணாடி போட்டாலும் வலிக்கும். தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி வரும் என்று நம் வீடுகளில் சொன்னதை மருத்துவர்கள் வெகுநாள் காதில் வாங்கவில்லை. 2006இல் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை அதையே பதிவுசெய்தது. நோயாளிகள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதற்காக இதை இங்கே நினைவூட்டுகிறேன்.

பிறர் வலியும் நம் வலியும் சந்திக்கும் இடம்

இனி இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வியப்பளித்த பகுதி. லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. 16 ஜோடிகள். பெண் மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் படுத்திருப்பார். அவருடைய இணை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சில நேரம் பெண்ணின் கையில் சுளீரென்று வலிக்கும்படி சிறு மின்சாரம் பாய்ச்சப்படும். சில நேரம் இணையின் கையில். யாருக்கு என்பதை ஒரு குறிப்பு காட்டும், அவ்வளவுதான். தனக்கு வலித்தபோது வேலைசெய்த மூளைப் பகுதிகளில் இரண்டு, இணைக்கு வலித்தபோதும் வேலைசெய்தன: மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலாவின் முன்பகுதி, மூளையின் நடுவில் இருக்கும் சிங்குலேட்டின் முன்பகுதி. வலி உடலின் எந்த இடத்தில் என்று பதிவுசெய்யும் பகுதி தன் வலிக்கு மட்டுமே வேலைசெய்தது. வலியின் 'எங்கே' என்பது தனிச்சொத்து. வலியின் 'ஐயோ' பொதுச்சொத்து என்று சொல்லலாம்.

'உனக்கு வலித்தால் எனக்கு வலிக்காதா?' என்று நாம் பேச்சுக்குச் சொல்வதற்கு மூளையில் இப்படி ஓர் அடிப்படை இருக்கிறது. ஆனால் இதையே மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அந்த 'ஐயோ'வுக்கான பகுதி மாதத்தில் பாதி நாள் தன் வலியிலேயே மூழ்கிக் கிடந்தால்? தறி ஒன்றுதான், அதில் ஏற்கெனவே ஒரு பாவு ஏற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. நாள்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் இன்சுலா, சிங்குலேட், உணர்ச்சிகளுக்கு எடைபோடும் அமிக்டலா ஆகியவற்றின் செயல்பாட்டில் வேறுபாடுகள் இருப்பதைப் படம்பிடிப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதிலிருந்து 'பரிவு குறைந்துவிட்டது' என்று ஒரே தாவாகத் தாவக் கூடாது. பகுதி வேலைசெய்கிறது என்பது ஒன்று, அதன் பயன் என்ன என்பது வேறு.

பரிவை ஆராய்பவர்கள் இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகிறார்கள். அடுத்தவர் துன்பத்தைக் கண்டு அவருக்காக உருகுவது ஒன்று. அதைக் கண்டு தானே நிலைகுலைந்துபோவது இன்னொன்று. இதைத் தன்தவிப்பு என்று சொல்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் தங்கையைப் பார்க்க மருத்துவமனைக்குப் போன ஒருவர் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார். கல்நெஞ்சம் என்கிறார்கள் உறவினர்கள். உள்ளே நடந்தது அதற்கு நேரெதிராக இருக்கலாம்: அந்த வலியைத் தாங்கிக்கொண்டு அங்கே நிற்க அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை. தொடக்கத்தில் சொன்ன இரண்டு பேச்சுகளும், முன்கோபி என்பதும் இளகிய மனம் என்பதும், ஒரே ஆளைப் பற்றி எழுவது இதனால்தான்.

தன் உள்ளமே மங்கலாகும்போது

வயிற்றைப் பிசைகிறது. இது நாளைய தேர்வைப் பற்றிய பயமா, வரப்போகும் மைக்ரேனின் குமட்டலா? நெஞ்சு படபடக்கிறது, கழுத்து இறுகுகிறது. இது கோபமா, முன்கட்டமா? உணர்ச்சிகள் உடல் வழியாகத்தான் நமக்குத் தெரியவருகின்றன. உடலிலிருந்து வரும் செய்திகளில் பாதி நோயின் செய்திகளாக இருந்தால், எது எது என்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது.

தன் உணர்ச்சியை அடையாளம் காணவும் சொல்லில் வடிக்கவும் ஏற்படும் இந்தச் சிரமத்துக்கு அலெக்சிதைமியா என்று பெயர். 'உணர்வுக்குச் சொல் இல்லை' என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய சொல். இது தனி நோயல்ல. உயரம், எடைபோல் எல்லோரிடமும் கூடவோ குறையவோ இருக்கும் ஒரு தன்மை. இதை அளக்க 20 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. நாள்பட்ட வலி உள்ளவர்களிடம், மைக்ரேன் உள்ளவர்கள் உட்பட, இதன் அளவு சராசரியாகக் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

பிறர் மனத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அடுத்தவர் உணர்ச்சிக்குப் பொருள் தேட நாம் புரட்டும் அகராதி நம் சொந்த உணர்ச்சிகள்தான். ஏமாற்றம் எப்படி இருக்கும் என்பது எனக்குள் தெளிவாக இருந்தால்தான் உன் முகத்தில் ஏமாற்றத்தைக் காண்பேன். என் அகராதியில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் உன் முகமும் எனக்கு மங்கலாகத்தான் தெரியும்.

ஆய்வுகள் கண்டவையும் சொல்லாதவையும்

குறிப்பறிதலையும் நாள்பட்ட ஒற்றைத் தலைவலியையும் நேரடியாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் இன்னும் குறைவு. இத்தாலியில் அண்மை ஆண்டுகளில் நடந்த சில ஆய்வுகளில், நோயாளிகள் ஆரோக்கியமானவர்களைவிடக் குறிப்பறிதல் சோதனைகளில் சராசரியாகக் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். கவுண்டர் உவமையில் சொன்னதைப்போல, இந்தத் தடுமாற்றத்துக்கும் நிர்வாகத் திறன்களுக்கும் தொடர்பு இருப்பதும் தெரிகிறது.

இங்கே 'சராசரியாக' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைவிடச் சராசரியாக உயரம் அதிகம். அதனால் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரைப் பார்த்து 'நீ குட்டை' என்று சொல்லிவிட முடியுமா? இரண்டு வகுப்புகளின் உயரங்களும் ஒன்றோடொன்று பெரிதும் கலந்தே இருக்கும். மைக்ரேன் உள்ள ஒருவர் உங்களைவிடச் சிறப்பாகக் குறிப்பறிபவராக இருக்கலாம்.

இன்னொரு சிக்கல்: நாள்பட்ட ஒற்றைத் தலைவலி தனியாக வருவது அரிது. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை ஆகியவை கூடவே வருகின்றன. அவையும் குறிப்பறிதலைப் பாதிக்கக்கூடியவை. மருந்துகளையும் மறக்கக் கூடாது. மைக்ரேனைத் தடுக்கக் கொடுக்கப்படும் டோபிராமேட் சிலருக்குச் சரியான சொல் வாயில் வராமல் தடுமாறச் செய்யும். இது நன்கு தெரிந்த பக்கவிளைவு. மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எது எவ்வளவு காரணம் என்று பிரிப்பது எளிதல்ல. அதோடு, பெரும்பாலான ஆய்வுகள் ஒருவரை ஒருமுறை மட்டும் சோதிப்பவை. இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்று அவை காட்டும். எது எதனால் வந்தது என்று காட்டா.

ஆக, சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நாள்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, பிறர் எண்ணத்தையும் உணர்ச்சியையும் ஊகிப்பது கூடுதல் உழைப்பாகிவிடுகிறது. அவர்கள் அன்பற்றவர்கள் என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை.

நாமும் தவறாகத்தான் புரிந்துகொள்கிறோம்

இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் நோயாளி மற்றவர்களைப் புரிந்துகொள்கிறாரா என்று மட்டுமே கேட்கிறார்கள். மற்றவர்கள் நோயாளியைச் சரியாகப் புரிந்துகொள்கிறார்களா? வலியில் புருவம் இறங்கி நெரியும், கண் சுருங்கும், உதடு இறுகும். கோபத்திலும் புருவம் நெரிகிறது, அதே தசைதான். பேசினால் தலை அதிர்கிறது என்பதால் குரல் தாழ்ந்து, சொற்கள் குறைந்து, வாக்கியங்கள் வெட்டு வெட்டாக வருகின்றன. கேட்பவருக்கு அது கடுகடுப்பு. வெளிச்சத்தைத் தவிர்க்க முகத்தைத் திருப்பிக்கொள்வது அலட்சியம். உடைந்த கையில் மாவுக்கட்டு தெரிகிறது. இந்த நோயில் வெளியே தெரிவதெல்லாம் கோபக்காரர் முகம்போன்ற ஒரு முகம்தான்.

எட்டு வயதில் நான் செய்ததும் இதே பிழை. அம்மாவின் குறிப்பறிதல் அன்று வலியால் தடைபட்டிருந்தது. என்னுடையது எதனாலும் தடைபடவில்லை. ஆனாலும் தவறாகத்தான் போனது.

இதற்கு நான் அறிந்த மிகப் பயனுள்ள மருந்து மிக எளியது: ஊகத்துக்கு விடாமல் வாயால் சொல்லிவிடுவது. "எனக்குத் தலை வலிக்கிறது, உன்மேல் கோபம் இல்லை" என்று நோயாளி சொல்லலாம். "எனக்கு வருத்தம், ஆனால் நாளைக்குப் பேசலாம்" என்று வீட்டார் சொல்லலாம். குறிப்பால் உணர்த்துவதையே பண்பாகக் கருதும் நம் குடும்பங்களில் இப்படிப் பளிச்சென்று பேசுவது முதலில் கூச்சமாக இருக்கும். பேசவே முடியாத நேரத்துக்கு ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் கதவுக் கைப்பிடியில் ஒரு துண்டு தொங்கினால் போதும்.

மற்றது மருத்துவம். மாதத்தில் 15 நாள் தலைவலியை விதி என்று சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தாக்குதல்களைக் குறைக்கும் தடுப்பு மருந்துகள் பல காலமாக இருக்கின்றன. நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு போட்டாக்ஸ் ஊசிக்கு அமெரிக்காவில் 2010இல் ஒப்புதல் கிடைத்தது. சிஜிஆர்பியின் செயலைத் தடுக்கும் ஊசிமருந்துகளில் முதலாவதற்கு அங்கே 2018இல் கிடைத்தது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரைகளையும் மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாகத் தொடர்ந்து எடுத்தால் அந்த மாத்திரைகளே தலைவலியை வளர்க்கும். எத்தனை நாள் வலி, எத்தனை நாள் மாத்திரை என்ற இரண்டு எண்களையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். பேசுவதைப் பின்தொடர முடியவில்லை, வீட்டில் அடிக்கடி மனக்கசப்பு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கேட்கப்படாததால் பெரும்பாலும் இது சொல்லப்படுவதே இல்லை.

அம்மா இந்தக் கணக்கைத் தினசரி நாள்காட்டியில் வைத்திருந்தார். வலி வந்த நாளின் தாளில் பெருக்கல் குறி போட்டு, தூக்கி எறியாமல் மடித்து ஒரு பிஸ்கெட் டப்பாவில் சேர்த்துவைப்பார். சண்டை வந்த நாளின் தாளில் 'சண்டை' என்று பென்சிலால் எழுதி அதையும் சேர்த்துவைப்பார். வீட்டில் சண்டை வந்தால் மறுநாள் தனக்குத் தலைவலி வரும் என்று அவர் உறுதியாக நம்பினார். நாங்களும் அப்படித்தான் நம்பி, எங்களால்தான் அவருக்கு நோய் என்று குறுகிப்போயிருந்தோம். முன்கட்டத்தைப் பற்றி முதன்முதலாகப் படித்த அன்று இரவு அந்த டப்பாவை எடுத்துத் தாள்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினேன். 'சண்டை' என்று இருந்த தாள்கள் ஒவ்வொன்றுக்கும் அடுத்த நாளின் தாளில் பெருக்கல் குறி இருந்தது. எதிலிருந்து எது வந்தது என்று அந்தத் தாள்களால் சொல்ல முடியாது. ஆனால் அவற்றில் சில நாள்களிலாவது, நாங்கள் சத்தம் போடுவதற்கு முன்பே அவருக்கு முன்கட்டம் தொடங்கிவிட்டிருக்கலாம். விளக்கைப் போடாமல் அம்மாவின் அறைக்குப் போய், சின்னக் குரலில் அதை அவரிடம் சொன்னேன்.